நாற்காலி வாங்கித் தந்த தமிழ்

எங்கள் தெருவில் யாருக்காவது அரசாங்க ஆபீசில் வேலை என்றால் முதலில் என் அம்மாவைத்தான் தேடி வருவார்கள். பாலக்கரைக்குப் பின்னால், இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய தெரு எங்களுடையது. ரேஷன் கார்டில் பெயர் நீக்க, ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பேச, பிள்ளைக்கு டி.சி. வாங்க, எதற்கானாலும் "அக்கா, நீங்க கூட வந்து ரெண்டு வார்த்தை பேசுங்கக்கா" என்று வாசலில் வந்து நிற்பார்கள். அம்மாவுக்குப் பெரிய மனிதர் யாரையும் தெரியாது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவருக்குப் பேசத் தெரியும்.

பேசத் தெரியும் என்றால், அம்மாவிடம் இரண்டு தமிழ் இருந்தது. வீட்டில் எங்களோடு பேசுவது ஒன்று. "பசியாறிட்டியா?", "ஆணம் ஆறிப்போவுது, அத்தாவக் கூப்புடு" என்கிற தமிழ். குழம்பை நாங்கள் ஆணம் என்போம், அப்பாவை அத்தா என்போம். புர்காவை மாட்டிக்கொண்டு தெருமுனை தாண்டினால் இன்னொரு தமிழ் வரும். அதில் ஒவ்வொரு வாக்கியமும் முழுசாக முடியும். ஒரு எழுத்தையும் விழுங்க மாட்டார்.

நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது வீட்டு மின்சார மீட்டர் கெட்டுப்போனது. அம்மாவோடு ஆபீசுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே, "என்னம்மா? அந்தப் பக்கம் போய் நில்லு" என்றார். அம்மா அந்தப் பக்கம் போகவில்லை. "ஐயா, வணக்கம். எங்கள் இல்லத்தின் மின் அளவியில் பழுது ஏற்பட்டிருக்கிறது. தாங்கள் அருள்கூர்ந்து ஓர் ஊழியரை அனுப்பி வைத்தால் பேருதவியாக இருக்கும்" என்றார். அந்த ஆள் நிமிர்ந்தார். புர்காவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பவும் புர்காவைப் பார்த்தார். பிறகு பியூனிடம், "அந்தச் சேரை எடுத்துப் போடுப்பா" என்றார். "உக்காருங்கம்மா. டீச்சருங்களா?" அம்மா "இல்லை ஐயா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் ஆள் வந்து மீட்டரை மாற்றினார்.

அந்தத் தமிழ் அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாமாக்கள் படித்துக் கழித்த தமிழ்ப் பாடப்புத்தகங்களை அடுப்படியில் வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தாராம். கல்யாணத்துக்குப் பிறகு வானொலிச் செய்தி. வாசிப்பவரோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டே மீன் கழுவுவார். செய்தி முடிந்தாலும் நிறுத்த மாட்டார், வயலும் வேளாண்மையும் பற்றிய நிகழ்ச்சி வரும், அதையும் கேட்பார். எங்கள் வீட்டில் ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது. ஆனால் நெல்லுக்கு மேலுரம் எப்போது இட வேண்டும் என்று என் அம்மாவைக் கேட்டால் சொல்வார். அவருக்குக் கிடைத்த காலேஜ் அவ்வளவுதான். நான் தமிழ் எம்.ஏ. முடித்து, எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்தபோது தெரு முழுக்க இனிப்பு கொடுத்தது நானல்ல, அம்மாதான்.

பேராசிரியர் மேடத்தைத் தமிழ் டீச்சர்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில்தான் சந்தித்தேன். ஒரு கல்லூரியில் மொழியியல் சொல்லிக் கொடுப்பவர், ஸ்ரீரங்கத்துக்காரர். அவரைத் திட்டத்தான் இதை எழுதுகிறேன் என்றாலும் அன்று அவர் பேசியது நல்ல பேச்சு. பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் தப்பான தமிழ் அல்ல, அதன் மேல் சிவப்பு மையை ஊற்றாதீர்கள் என்றார். எந்தத் தெருவில் யார் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனித்தால், அந்தத் தெருவின் சரித்திரமும் அதில் இருக்கும், யார் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வாசலோடு நிறுத்தினார்கள் என்பதும் இருக்கும் என்றார். எனக்குப் புல்லரித்தது. அதற்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பெண் "ஆணம்" என்று கட்டுரையில் எழுதியதை நான் அடிக்கவில்லை.

டீ இடைவேளையில் போய் அறிமுகம் செய்துகொண்டேன். பழைய நகரத்து முஸ்லிம் பெண்களின் பேச்சைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பதாகச் சொன்னார். "உங்க அம்மாகிட்ட ஒரு நாள் பேசலாமாம்மா?" என்று கேட்டார். நானும் சந்தோஷமாகச் சரி என்றேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா திரைச்சீலையைக் கழற்றித் துவைத்தார். பெருநாளைக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டார். காலேஜ் பேராசிரியர், அதுவும் தமிழைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், நம் வீடு தேடி வந்து நம் தமிழைக் கேட்கப் போகிறார் என்றால் எந்தத் தமிழை எடுத்து வைப்பார் அம்மா? விருந்தாளிக்கு விரிசல் விட்ட தட்டிலா சோறு போடுவோம்?

மேடம் வந்து உட்கார்ந்து போனில் ரெக்கார்டரைத் தட்டி மேஜையில் வைத்தார். அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "தாங்கள் எங்கள் இல்லத்திற்கு வருகை தந்தமைக்கு மிக்க மகிழ்ச்சி. தேநீர் அருந்துகிறீர்களா?" என்றார்.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. பாத்திரங்கள், சாப்பாட்டு வகைகள், வீட்டு விசேஷங்கள் என்று படங்களாகக் காட்டி ஒவ்வொன்றையும் என்னவென்று சொல்வீர்கள் என்று கேட்டார். ஆணம் இருந்த படத்துக்கு அம்மா "குழம்பு" என்றார். பசியாறுவது "சிற்றுண்டி அருந்துதல்" ஆனது. அத்தா "என் கணவர்" ஆனார். வாசற்படியில் நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நம்ம வீட்ல பேசுற மாதிரி பேசுங்கம்மா" என்றேன். மேடம் என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "இருக்கட்டும்மா. நீங்க நடுவுல சொன்னா டேட்டா கெட்டுடும். இதுவே ரொம்ப இன்ட்ரெஸ்டிங்கா இருக்கு."

போகும்போது மேடம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரொம்ப அழகாப் பேசறீங்கம்மா" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க அம்மா கால் தரையில் படாமல் நடந்தார்.

சில மாதங்கள் கழித்து அழைப்பிதழ் வந்தது. கல்லூரியில் கருத்தரங்கம். ஆராய்ச்சிக்குத் தகவல் கொடுத்தவர்களையும் கௌரவிக்கப் போகிறார்களாம், அம்மாவை அவசியம் அழைத்து வர வேண்டுமாம். எங்கள் ஊர்க் கருத்தரங்கம் எப்படி என்று எனக்குத் தெரியும். வெளியூரிலிருந்து கட்டுரை வாசிக்க வருகிறவர்கள் காலையில் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு, பத்து நிமிஷத்தில் கட்டுரையைப் படித்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு டோக்கனையும் தீர்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் முக்கொம்பு அணையில் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்கள். இருந்தாலும் அம்மாவுக்காகப் போனேன்.

முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடைக்கு அழைத்து அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். புர்காவுக்கு மேல் ஜரிகைச் சால்வையோடு வந்து உட்கார்ந்தவர் என் காதில், "நான் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணுமா?" என்று கேட்டார். சொல்வதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார். அதற்குள் மேடம் கட்டுரையை ஆரம்பித்துவிட்டார்.

ஆராய்ச்சி நெறிப்படி யார் பெயரையும் சொல்ல மாட்டார்களாம். "ஒரு தகவலாளி" என்றார். பெயரை மறைத்துவிட்டு, ஆளைப் பொன்னாடையோடு முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். "இத்தகவலாளியின் உரையாடலைச் சற்றுக் கேட்போம்" என்று சொல்லி ஒரு பொத்தானை அழுத்தினார். மண்டபத்தின் எல்லா ஸ்பீக்கரிலிருந்தும் என் அம்மா பேசினார். "தாங்கள் எங்கள் இல்லத்திற்கு வருகை தந்தமைக்கு மிக்க மகிழ்ச்சி. தேநீர் அருந்துகிறீர்களா?"

மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. அழகாகப் பேசும் குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அம்மாவும் சேர்ந்து புன்னகைத்தார், தம்மைப் பாராட்டுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். அப்புறம் மேடம் படித்தார். இத்தகவலாளியின் பேச்சு இயல்பானதன்று, புனைந்துகொண்டது. சொந்தப் பேச்சின் மீதுள்ள தாழ்வுணர்ச்சியும், பெரும்பான்மைச் சமூகத்தின் அங்கீகாரத்துக்கான ஏக்கமும் இதில் வெளிப்படுகின்றன. இத்தகைய பெண்களிடம் அவர்களின் உண்மையான மொழி ஏறக்குறைய மறைந்துவிட்டது.

அம்மாவின் புன்னகை அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்துவிட்ட மாதிரி. ஏட்டுத் தமிழில் எழுதிய கட்டுரை தெருப் பெண்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று அங்கே யாராவது நினைத்திருந்தால், அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அட்சரம் பிசகாமல் புரிந்தது. அந்தத் தமிழைத்தானே அவர் அடுப்படியில் உட்கார்ந்து படித்திருந்தார்.

ஆட்டோவில் வரும்போது பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். காந்தி மார்க்கெட் தாண்டியதும் கேட்டார்.

"தாழ்வுணர்ச்சின்னா, நம்மளே நம்மளக் கீழானவங்கன்னு நெனைக்கிறதுதானே?"

"அவங்க கெடக்குறாங்கம்மா. எதையாச்சும் எழுதணும்னு எழுதுவாங்க."

"இல்லம்மா. நான் அப்புடியா நெனச்சேன்? யோசிச்சுப் பாக்குறேன். எனக்கு ஞாபகம் வரல."

கட்டுரை முழுக்கப் பொய் என்று சொல்லிவிட்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அதற்கும் வழியில்லை. கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பை வாங்கி வந்து ராத்திரி முழுக்கப் படித்தேன். நடுவில் ஒரு பகுதி, படித்து வேலைக்குப் போன பெண்களைப் பற்றியது. வெளியே பேசும்போது வீட்டு உறவுச் சொற்களை மாற்றிக்கொள்கிறார்கள், தாங்கள் மாற்றுவது அவர்களுக்கே தெரிவதில்லை என்று இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தேன். ஸ்டாஃப் ரூமில் இத்தனை வருஷமாக நான் "அத்தா" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "எங்க அப்பா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். யாரும் சொல்லக் கூடாது என்று தடுத்ததும் இல்லை. ஒரு நல்ல ஆராய்ச்சி என்ன செய்யும் என்று அப்போது தெரிந்தது. நம் வீட்டிலேயே நாம் எட்டிப் பார்க்காத மூலையில் விளக்கைக் கொண்டுபோய் வைத்துவிடும். கட்டுரை சொன்ன அந்தத் தாழ்வுணர்ச்சி இருந்தது உண்மைதான். ஆனால் அது எம்.ஏ. படித்த என்னிடம் இருந்தது. எட்டாவது படித்த அம்மாவிடம் இருந்தது வேறு. நிறுத்தப்பட்ட படிப்பை யாருக்கும் தெரியாமல் தானே தொடர்ந்து படித்து, அதைக் காட்டி ஒரு நாற்காலி வாங்கியவர் அவர். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரே பெயரை எழுதி ஒட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன், ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை செல்லாது என்கிறார்களாம், அம்மா கூட வர வேண்டும். அம்மா கதவுக்கு உள்ளேயே நின்றுகொண்டு, "எம் பொண்ணு ஸ்கூல் விட்டு வரட்டும், அவளக் கூட்டிட்டுப் போ. நான் வந்து என்னத்தப் பேச?" என்றார். அந்த அக்கா காத்திருக்க முடியாமல் தனியாகப் போனார். அழுதுகொண்டே திரும்பி வந்தார். அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்தார். மறுநாள் நான் லீவு போட்டுப் போய் அதைச் சரிசெய்தேன். அடுப்படி ரேடியோவும் அந்த வாரத்தில்தான் நின்றது. பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று புதிதாக வாங்கிப் போட்டேன். பேட்டரியில் கோளாறு இல்லை.

எனக்கு அடங்கவில்லை. ஒரு சனிக்கிழமை டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகராமல் நின்றபோது, என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். உத்திர வீதியில் அடுக்குமாடி வீடு. மேடம் அன்பாகத்தான் உள்ளே கூப்பிட்டார், உட்கார வைத்தார், காபி கொடுத்தார். நான் காபி குடிக்கும் நேரத்துக்குள் அவர் நாலு பேரிடம் பேசினார். உள்ளே இருந்த மாமியாரிடம், "தளிகை ஆயிடுத்தும்மா, பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணிட்டு வந்துடறேன்" என்றார், சமைத்ததைச் சாமிக்குப் படைப்பதற்கு ஐயங்கார் வீட்டுத் தமிழ் அது. பால்கனியிலிருந்து வாட்ச்மேனிடம், "அண்ணே, மோட்டாரப் போட்டு விட்டுடுங்க" என்றார். போனில் ஒரு மாணவியிடம் இங்கிலீஷில் பேசினார். என்னிடம் திரும்பி, "சொல்லுங்கம்மா" என்றார்.

"மேடம், இப்ப நாலு விதமாப் பேசினீங்க. இதுல எது உங்க நிஜமான பேச்சு?"

அவர் சிரித்தார். "எல்லாமேதான். இடத்துக்கு ஏத்த மாதிரி பேசறோம்."

"எங்கம்மாவும் அதைத்தானே செஞ்சாங்க? நீங்க மைக்ல படிச்சீங்களே, 'இத்தகவலாளியின்'னு, அது உங்க வீட்டுத் தமிழா? உங்களப் பாத்து யாரும் சிரிக்கலியே. நீங்க செஞ்சா அது திறமை, எங்கம்மா செஞ்சா மட்டும் தாழ்வுணர்ச்சியா?"

அடங்கிப் பேச வேண்டும் என்று பாலத்தில் பார்த்த ஒத்திகை எல்லாம் போய்விட்டது. எங்கள் ஊர் மின்சார ஆபீஸ், அந்தச் சேர், மாமாக்களின் பழைய புத்தகம், ரேடியோ எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா இப்போது தெருவில் யாருக்காகவும் பேசப் போவதில்லை என்றும் சொன்னேன். மேடத்தின் முகம் வாடித்தான் போயிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். "இதெல்லாம் அன்னிக்கு எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

"நீங்க கேக்கல மேடம். படத்தக் காட்டிக் கேட்டீங்க. இந்தத் தமிழ எங்க படிச்சீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல."

"ரொம்ப முக்கியமான பாயிண்ட்" என்றார் அவர். கண் மறுபடியும் பளிச்சென்று ஆகிவிட்டது. "அடுத்த பேப்பர்ல கண்டிப்பா சேத்துடறேன். என் ஸ்டூடண்ட அனுப்பறேன், அம்மாவத் திரும்ப ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?"

கப்பை வைத்துவிட்டு எழுந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அந்த மாணவி என்னைக் கேட்காமல் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். பாவம், அவளுக்கும் பட்டம் வாங்க வேண்டுமே. நான் ஸ்கூலிலிருந்து வந்தபோது கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அவளுக்கு எதிரே, வீட்டுப் புடவையில், தரையில் உட்கார்ந்திருந்தார். வந்த விருந்தாளிக்கு முன்னால் அம்மா தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இத என்னன்னு சொல்வீங்கம்மா?" என்று அவள் படத்தைக் காட்டினாள்.

"ஆணம்."

"காலைல சாப்பிடறத?"

"பசியாறுறது."

"ஆபீஸ், ஆஸ்பத்திரி அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் போனா எப்படிம்மா பேசுவீங்க?"

"நான் எங்கம்மா போவப் போறேன். படிக்காதவ, எனக்கு என்ன தெரியும்? எம் பொண்ணு பாத்துக்குவா."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினாள். முகமெல்லாம் சந்தோஷம். நான் உள்ளே போய் இன்னொரு நாற்காலியை எடுத்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டேன். "மேல உக்காருங்கம்மா" என்றேன். அம்மா அதை ஒரு கையால் மெதுவாகத் தள்ளி வைத்தார்.

"இருக்கட்டுங்கக்கா" என்று அந்தப் பெண் ரெக்கார்டரில் விழாமல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கீழயே இருக்கட்டும். இப்பதான் இயல்பாப் பேசுறாங்க."